ஏழரைச் சனியும் ஒரு 555 நோட்டும்

என் நோட்டில் 2025 மார்ச் 29-ஆம் தேதிக்கு இரண்டே வரிதான் இருக்கிறது. "ஏழரை இன்னிக்கு முடியுது. வேன் கிளட்ச் போச்சு, 620 வெள்ளி." சனி நம் ராசிக்கு முந்திய ராசி, நம் ராசி, அடுத்த ராசி என்று மூன்றையும் கடக்கிற காலம்தான் ஏழரை. கோயிலுக்கு எள் விளக்குப் போடப் போகிற வழியில் முச்சந்தியில் வண்டி நின்றுவிட்டது. எட்டு வருஷம் காத்திருந்து, சனீஸ்வரன் மூட்டை கட்டுகிற அன்றைக்கே இப்படி என்றால் சிரிக்காமல் என்ன செய்வது. கோயிலில் சொன்னபோது ஒரு அக்கா, "வாக்கியப்படி உனக்கு இன்னும் முடியலம்மா, அடுத்த வருஷம் மார்ச் வரைக்கும் இருக்கு, அதான்" என்றார். வாக்கியம் என்பது பழைய சூத்திரப்படி கணிக்கிற பஞ்சாங்கம், திருக்கணிதம் இன்றைய வானியல் கணக்கில் வருவது. வீட்டுக்கு வந்து பார்த்தால் திருக்கணிதப்படியும் சனி மீனத்துக்குள் நுழைந்தது இந்திய நேரம் இரவு பத்து மணி வாக்கில், நம் மலேசியக் கடிகாரத்தில் நள்ளிரவு தாண்டி 30-ஆம் தேதி. ஆக, கிளட்ச் போனபோது ஏழரை நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. இரண்டு நாள் கழித்துப் போயிருந்தால் "போகிற போக்கில் ஒரு தட்டுத் தட்டிட்டுப் போனார்" என்றிருப்பார்கள். என்றைக்குப் போயிருந்தாலும் ஒரு விளக்கம் தயாராக இருந்திருக்கும். எட்டு வருஷமாக எழுதி எழுதி நான் பார்த்தது முக்கியமாக இதைத்தான்.

நான் மகர ராசி, திருவோணம். 1979 ஆவணியில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தேன். அப்பா அம்மா இருவரும் கித்தா (ரப்பர்) மரம் வெட்டியவர்கள், இப்போது அந்த மலை முழுக்கச் செம்பனை. நான் பள்ளி வேன் ஓட்டுகிறேன், வீட்டுக்காரர் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். சோதிடத்தை நம்புகிறோம் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை, நம்பவில்லை என்றும் சொன்னதில்லை. பெயர்ச்சி வந்தால் விளக்குப் போடுவோம், அவ்வளவுதான்.

2017 ஜனவரி 26-ஆம் தேதி சனி தனுசுக்கு வந்தது, மகரத்துக்கு அது பன்னிரண்டாமிடம், ஏழரையின் தொடக்கம். அதற்கு இரண்டு வாரம் முன்பு டவுனில் ஒரு ஜோசியரிடம் போனேன். முப்பது வெள்ளி தட்சிணை. மனிதர் நிதானமாகவே பேசினார், பயமுறுத்தவில்லை, ஆனால் வெளியே வரும்போது எனக்குக் கை நடுங்கியது. வேனில் ஏறி உட்கார்ந்து, டேஷ்போர்டில் கிடந்த 555 நோட்டை எடுத்து அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். அதுதான் மளிகைக் கடையில் பற்று எழுதுவார்களே, சட்டைப் பையில் அடங்குகிற சின்ன நோட்டு. என் வண்டியில் அது எப்போதும் இருக்கும், எண்ணெய்க் காசு, டயர், எந்தப் பிள்ளை வீட்டில் இன்னும் வேன் காசு தரவில்லை என்று எல்லாம் அதில்தான். ஜோசியர் சொன்னதும் அதே பக்கத்தில் ஏறியது. பெரிய யோசனை எதுவும் இல்லை, கையில் வேறு காகிதம் இல்லை.

அந்த ஒரு பக்கம் இல்லையென்றால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

2018 அக்டோபரில் அப்பா தவறிவிட்டார். நோட்டில் பதினோரு நாள் வெற்றுத் தாள். துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர், "ஜோசியர் அப்பவே சொன்னாரே, அப்பாவுக்கு ஆகாதுன்னு" என்றார்கள். அவர்களுக்கு அதைச் சொன்னதே நான்தான். நானும் அழுதுகொண்டே வருகிறவர்களிடமெல்லாம் அதைத்தான் சொன்னேன். எனக்கு அந்த அறை, ஊதுபத்தி வாசம், அவர் விரலை நீட்டி "அப்பாவைக் கவனிச்சுக்கம்மா" என்றது எல்லாம் கண்முன்னால் நின்றது. கருமாதி முடிந்து ஒரு வாரம் கழித்து வேன் காசுக் கணக்குப் பார்க்க நோட்டைப் புரட்டினேன். என் கையெழுத்தில், அன்றைக்குச் சாயங்காலமே எழுதியது: "தாய் வழிப் பெரியவங்க உடம்பு கவனம். வாகனச் செலவு. காசு தங்காது." தாய் வழி. அம்மாவும் சரி, மாமாக்களும் சரி, நன்றாகத்தான் இருந்தார்கள். அப்பாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. அப்பா 2015 முதலே வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்தவர், அவர் உடம்பு மோசம் என்று சொல்ல சனியே தேவையில்லை.

ஜோசியர் பொய் சொல்லவில்லை. நான்தான் அவர் சொல்லாததை அவர் வாயில் வைத்து, குரலோடும் விரலோடும் சேர்த்து ஞாபகத்தில் மாற்றி எழுதிக்கொண்டேன். அதற்கப்புறம் யாராவது "அவர் சொன்னது அப்படியே பலிச்சுது" என்றால் நான் கேட்பது ஒன்றுதான், எழுதி வைத்தீர்களா? எழுதி வைக்காத பலன் எல்லாமே பலித்துவிடும்.

சரி, எழுதுவது என்று முடிவான பிறகு, எதை வைத்து எழுதுவது என்பதில் வந்தது அடுத்த சிக்கல். என்னிடம் மூன்று ஜாதகம் இருக்கிறது, பிஸ்கட் டின்னில். ஒன்று கல்யாணத்துக்கு முன் கணித்தது, இன்னொன்று ஜோசியர் கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுத்தது, மூன்றாவது மகள் கைப்பேசியில் எடுத்தது. மூன்றிலும் ராசியும் நட்சத்திரமும் ஒன்றே. ஆனால் குரு தசை (ஒவ்வொரு கிரகமும் முறை வைத்து ஆளும் காலம்தான் தசை, அதன் உட்பிரிவு புத்தி) முடிகிற தேதி மூன்றிலும் வேறு வேறு, ஒன்றில் லக்னமே, அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கிற ராசியே, வேறு. எந்த மூன்று ஆளிடம் போனாலும் இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன், மகள்தான் விடவில்லை. அவள் கண்டுபிடித்தது இதுதான்.

தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1 முதல்தான் இப்போது இருக்கிற மாதிரி, உலக நேரத்துக்கு எட்டு மணி முன்னே. அதற்கு முன் ஏழரை மணிதான் (இங்கேயும் ஏழரை!). அம்மாவிடம் கேட்டால் அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது: "கடியாரத்த அரை மணி தள்ளி வையின்னாங்க, மறுநா பெரட்டுக்குப் போனா ஒரே இருட்டு." (பெரட்டு, தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுப்பு.) நான் பிறந்தது 1979, காலை 5.50. அதை எட்டு மணிக் கணக்கில் போட்டால் நான் அரை மணி முன்னதாகப் பிறந்தவளாகிவிடுவேன். அரை மணியில் லக்னம் ஏழு, ஏழரை பாகை நகரும். சிம்மத்தின் தொடக்கத்தில் இருந்த என் லக்னம் ஜோசியரின் கம்ப்யூட்டரில் கடகத்துக்குப் போனது அப்படித்தான். சந்திரன் அரை மணியில் கால் பாகைக்குக் கொஞ்சம் கூட நகரும்; ஒரு நட்சத்திரம் 13 பாகை 20 கலை; திருவோணத்துக்கு ஆரம்பம் சந்திர தசை, பத்து வருஷம். கணக்குப் போட்டால் தசை இருப்பில் இரண்டரை மாதம் பிசகுகிறது, அதற்கப்புறம் வருகிற ஒவ்வொரு தசையும் புத்தியும் அதே இரண்டரை மாதம் தள்ளிப் போகும். ஆரம்பமே சுக்கிர தசையாக இருக்கிறவர்களுக்கு, அது இருபது வருஷம் என்பதால், இந்த அரை மணி ஐந்து மாதத்தைத் தின்றுவிடும். கல்யாணத்துக்குக் கணித்ததில் இன்னும் மோசம், 5.50-ஐ இந்திய நேரம் என்றே வைத்துவிட்டார்கள். இரண்டு மணி வித்தியாசம், எனக்கு ஏறக்குறைய பத்து மாதம். அந்த ஜாதகத்தை வைத்துத்தான் எனக்குப் பொருத்தம் பார்த்தார்கள். வீட்டுக்காரரிடம் சொன்னேன், "இனி என்ன பண்றது" என்று சோற்றைப் பிசைந்தார்.

ஆகவே 1982-க்கு முன் இங்கே பிறந்தவர்கள், ஜாதகம் எடுக்கும் செயலியில் கால வலயம் என்ன போட்டிருக்கிறது என்று ஒருமுறை கண்ணால் பாருங்கள். 7.30 என்று இருக்க வேண்டும். சில செயலிகள் ஊரையும் தேதியையும் வைத்துத் தானாகவே எடுத்துக்கொள்ளும், சிலவற்றில் நாம்தான் போட வேண்டும். ஊர்ப் பட்டியலில் சுங்கை சிப்புட் வரவில்லையென்றால் ஈப்போ என்று போட்டுவிடலாம், ஒன்றும் கெட்டுப் போகாது.

அந்த 5.50-ம் எவ்வளவு நிச்சயம் என்பது வேறு கதை. அப்பா அதை ஒரு நாள்காட்டித் தாளின் பின்னால் எழுதி வைத்திருந்தார். ஆனால் அம்மா சொல்வது, "பெரட்டு மணி அடிச்சு, ஆளுங்க காண்டாவோட மலையேறின பிறகு நீ பொறந்தே." (காண்டா, பால் வாளி தூக்கும் காவடிக் கம்பு.) அப்பாவும் அந்த ஆட்களோடு பெரட்டில்தான் நின்றிருப்பார், சேதி வந்து ஓடி வந்திருப்பார், அப்புறம்தான் யாரையாவது நேரம் கேட்டிருப்பார். பத்து நிமிஷமோ கால் மணியோ முன்பின் இருக்கலாம். அதனால் புத்தி மாறுகிற தேதியை நாள் கணக்கில் சொல்கிறவர்களைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். தசா புத்தி மாறும் இடத்தில் நான் தேதியே எழுதுவதில்லை, மாதத்தை எழுதி இருபுறமும் ஒரு மாதம் அலைக்கோடு போட்டு விடுவேன்.

சந்திராஷ்டமத்தில் நான் செய்த தப்பை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இதைச் செய்கிறார்கள். முதல் வருஷம் நாள்காட்டியில் சந்திரன் சிம்மத்தில் இருக்கும் நாட்களை, அது எனக்கு எட்டாமிடம், மாதம் முழுக்க முன்கூட்டியே சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்தேன். காலையில் எழுந்ததும் சிவப்பு வட்டம் கண்ணில் படும். அன்றைக்கு எல்லாமே தப்பாகத்தான் நடக்கும். பிள்ளைகள் வேனில் கத்தினால் சந்திராஷ்டமம், வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கூடச் சொன்னால் சந்திராஷ்டமம். ஒருமுறை பயந்து பயந்து பின்னால் எடுத்ததில் ஒரு வீட்டு கேட்டில் இடித்தே விட்டேன், அதுவும் கணக்கில் சேர்ந்தது. அந்த நாட்காட்டி இந்திய நேரத்தில் அச்சானது என்பது பிறகுதான் தெரிந்தது, நமக்கு இரண்டரை மணி நேரம் கூட்ட வேண்டும். இரவு பத்தரைக்கு ஆரம்பம் என்றிருந்தால் நமக்கு மறுநாள் ஒரு மணி. அதாவது சில சிவப்பு நாட்களில் சந்திரன் இன்னும் சிம்மத்துக்கே வந்திருக்கவில்லை, நான் சண்டையை முடித்துவிட்டுத் தூங்கப் போயிருந்தேன்.

2018 முதல் தலைகீழாக மாற்றினேன். நான் நாள்காட்டியைப் பார்ப்பதில்லை. ராத்திரி படுக்கும் முன் அன்றைய நாளை ஒரு வரியில் எழுதுவேன், மோசமான நாளென்றால் ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி. மாதக் கடைசியில் மகள் வேறொரு தாளில் சந்திராஷ்டம நேரங்களை எழுதிக் கொண்டு வருவாள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டு வருஷத்தில் 61 பெருக்கல் குறி, அதில் 6 சந்திராஷ்டமத்தில் விழுந்தது. சந்திரன் ஒரு ராசியில் இரண்டேகால் நாள் இருக்கும், சுற்றி வர 27 நாள் சொச்சம், பன்னிரண்டில் ஒரு பங்கு. சும்மா கண்ணை மூடிக்கொண்டு குறி போட்டாலே ஐந்து விழும். மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது, "அம்மா, இதுல ஒண்ணுமே இல்லையே" என்றாள். திங்கட்கிழமைகள்தான் அதிகம் இருந்தன, அதற்குக் கிரகம் காரணமில்லை, ஞாயிறு ராத்திரி வீட்டுப்பாடம் முடிக்காத பிள்ளைகள்.

2020 ஜனவரி 24, சனி மகரத்துக்கு, என் ராசிக்கே வந்தது. ஜென்மச் சனி. மார்ச் 18 கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு. பள்ளி மூடியது, வேன் வீட்டு முன்னால் நின்றது, வருமானம் சுத்தமாக இல்லை. வீட்டுக்காரரின் சேமநிதியில் மாதம் 500 வெள்ளி எடுக்க விட்டார்கள், அதில்தான் அரிசி. அந்த மாதங்களின் நோட்டைப் படித்தால் ஜென்மச் சனிக்கு எழுதிய பலன் மாதிரியே இருக்கிறது, ஒரு புள்ளி கூட மாற்ற வேண்டாம். ஆனால் அதே பாதையில் வேன் ஓட்டும் ஒரு அண்ணன் சிம்ம ராசி. அவருக்கு அந்தப் பெயர்ச்சி ஆறாமிடம், சனிக்கு மூன்று, ஆறு, பதினொன்றுதான் நல்ல இடம் என்பார்கள், எதிரி விலகுவான், கடன் அடையும், தொழில் உயரும் என்று அவருக்கு ஜோசியர் சொல்லியிருந்தார். அவர் வேனும் என் வேன் மாதிரியேதான் நின்றது, டயரில் காற்று இறங்கி. நோட்டில் அதற்கப்புறம் ஒரு பழக்கம் வந்தது: ஊருக்கே நடந்ததென்றால் பக்கத்தில் "ஊர்" என்று எழுதிவிடுவேன், என் கணக்கில் சேர்க்க மாட்டேன். வாக்கியப்படி பார்த்தால் சனி மகரத்துக்கு வந்ததே 2020 டிசம்பர் 27-இல்தான், திருநள்ளாற்றில் அன்றைக்குத்தான் விழா. வாக்கியமோ திருக்கணிதமோ, எதை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளுங்கள், ஆனால் ஏதாவது நடப்பதற்கு முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கையில் வைத்திருந்தால் நடுவில் இருக்கிற பதினோரு மாதத்தில் எது நடந்தாலும் சனி மேல் போட்டுவிடலாம். நான் திருக்கணிதம்.

திருக்கணிதத்தில் வக்கிரத்தையும், அதாவது கிரகம் பின்னோக்கி நகர்வதையும், எழுத வேண்டும். 2017-இல் தனுசுக்கு வந்த சனி ஜூனில் விருச்சிகத்துக்குத் திரும்பி, அக்டோபர் 26-இல்தான் மறுபடி வந்தது. 2022 ஏப்ரல் 29-இல் கும்பத்துக்குப் போய், ஜூலையில் மகரத்துக்குத் திரும்பி, 2023 ஜனவரி 17-இல் மறுபடி கும்பம். வெறும் பெயர்ச்சித் தேதியை மட்டும் எழுதி வைத்தால் இந்தப் போக்குவரத்து தெரியாது.

பலித்தது ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் அது திருட்டுக் கணக்கு. 2024 மே 1 குரு ரிஷபத்துக்கு வந்தது, எனக்கு ஐந்தாமிடம், புத்திர ஸ்தானம். "பிள்ளையால் பெருமை" என்று ஜோசியர் சொன்னதை ஏப்ரலிலேயே எழுதி வைத்திருந்தேன். ஜூனில் மகளுக்குக் கம்பாரில் படிக்க இடம் கிடைத்தது. நேர் குறி. நான் அதற்குப் பச்சை மையில் ஒரு சரி போட்டேன். மகள் பார்த்துவிட்டு, "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் குருவா படிச்சாரு?" என்றாள்.

தசைக்கும் கோச்சாரத்துக்கும் (கிரகங்கள் அன்றன்றைக்கு நிற்கும் இடம்) என்ன வித்தியாசம் என்று நான் ஜோசியரிடம் கேட்டபோது அவர் நீளமாகச் சொன்னது மறந்துவிட்டது, அம்மா சொன்னது மறக்கவில்லை. "தசை மரம் மாதிரி, கோச்சாரம் மழை மாதிரி. பால் கட்டுற மரமா இருந்தாலும் விடியக்காத்தால மழை பேஞ்சா அன்னிக்கு மங்குல ஒண்ணும் இல்ல. காஞ்ச மரத்துக்கு வெயிலடிச்சு என்ன பிரயோசனம்." மங்கு என்பது பால் வடிகிற கிண்ணம்; ஈரப் பட்டையில் உளி வைக்க முடியாது, முப்பது வருஷம் அதைச் செய்தவர். ஆகவே என் நோட்டின் ஒவ்வொரு பக்கத் தலையிலும் தசை, புத்தி, அதன் கீழே சனி குரு ராகு இருக்குமிடம், மூன்றே சொல். அதற்கு மேல் எழுதினால் எல்லாவற்றுக்கும் ஏதாவது பொருந்திவிடும்.

மகள் கம்பார் போன பிறகு இன்னொன்று கொண்டு வந்தாள், மேல்நாட்டு முறை. பிறந்த பிறகு வருகிற ஒவ்வொரு நாளும் வாழ்க்கையில் ஒரு வருஷத்துக்குச் சமம் என்று வைத்து, நாற்பது வயதுப் பலனுக்குப் பிறந்து நாற்பதாம் நாள் கிரகம் எங்கே இருந்தது என்று பார்ப்பார்களாம். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப தீட்டு கழியறதுக்குள்ள பாதி ஆயுசு போயிருதா" என்றார். கேட்க வேடிக்கையாக இருந்தாலும் அந்தக் கணக்கில் ஒரு நிதானம் எனக்குப் பிடித்தது. அந்தச் சந்திரன் மாதத்துக்கு ஒரு பாகை மாதிரிதான் நகரும், ஒரு ராசி கடக்க இரண்டு வருஷத்துக்கு மேல், நம் சனி மாதிரி. ஆனால் அதை நம் ஜாதகத்தோடு கலக்கக் கூடாது. அவர்கள் ராசி வட்டத்தை வைக்கும் இடத்துக்கும் நாம் வைக்கும் இடத்துக்கும் இன்றைய கணக்கில் 24 பாகை வித்தியாசம். மகளின் செயலி 2023 மார்ச்சிலேயே சனி மீனத்துக்குப் போய்விட்டது என்று காட்டியது, "முடிஞ்சிருச்சு" என்று நான் எள் விளக்கை ஒரு மாதம் நிறுத்திவிட்டேன். நம் கணக்கில் சனி மீனத்துக்குப் போவது அந்த மார்ச்சுக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான்.

அந்தக் கிளட்ச் கதைக்கு வருகிறேன். பட்டறைத் தவுக்கே (முதலாளி) பழைய பிளேட்டைக் கையில் எடுத்துக் காட்டினார், ஓரம் வரை தேய்ந்து கண்ணாடி மாதிரி பளபளத்தது. "அக்கா, ஹாபிஸ்லா. லாமா சுடா" என்றார், முடிஞ்சு போச்சு, ரொம்ப நாளாச்சு என்று. எவ்வளவு நாள் என்று கேட்டேன். அவர் பில் புத்தகத்தில் முந்தியது 2019 அக்டோபர், அதற்கு முன் 2015 மார்ச். என் நோட்டிலும் 2019 அக்டோபர் இருந்தது, "வாகனச் செலவு, ஜோசியர் சொன்னது" என்று ஒரு சரியோடு. முதல் பிளேட் நாலு வருஷம் ஏழு மாதம். இரண்டாவது ஐந்து வருஷம் ஐந்து மாதம், ஆனால் அதில் வேன் நின்ற மாதங்களைக் கழித்தால் அதே நாலரைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. எட்டு வருஷத்தில் நான் எழுதிய எதுவும் இவ்வளவு ஒழுங்காகப் பெயரவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்தே அடுத்ததைக் கணக்குப் போட்டேன். 2029 கடைசி. அப்போது சனி மேஷத்தில், எனக்கு நாலாமிடம், அர்த்தாஷ்டமச் சனி, அதுவும் வாகன ஸ்தானம். ஜோசியர் நிச்சயம் சொல்லத்தான் போகிறார். அதனால் இப்போதே அந்த மாதத்தைப் பென்சிலில் எழுதி, பக்கத்தில் தவுக்கேயின் பில்லை ஸ்டேப்ளர் அடித்து வைத்திருக்கிறேன்.